வியாழக்கிழமை விழாத சேர்வர்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, வரவேற்பு மேசைக்கு முன்னால் பதினேழு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தபோது, சேர்வர் விழுந்தது. எல்லாத் திரைகளும் ஒரே கணத்தில் உறைந்துபோயின. உள்ளறையில் இருந்த மேனுகா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஆறு வருடங்களாக அவள் பார்த்துப் பார்த்துப் பராமரித்த இயந்திரம் அது. ஒருநாளும் தானாக விழுந்ததில்லை.

மட்டக்களப்பு நகரத்தில் இருந்த அந்தத் தனியார் இரத்தப் பரிசோதனை ஆய்வுகூடத்தின் கணினிப் பொறுப்பு முழுக்க அவளுடையது. முப்பத்திரண்டு வயது. ஊர் வெல்லாவெளி. தகப்பன் வினாயகமூர்த்தி, ஊர் வயல்வெளியான வட்டையில் ஆறு ஏக்கர் செய்கிறவர். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கொம்பியூட்டர்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். மேனுகா படித்தது ஒரு டிப்ளோமாதான். ஆனால் ஒன்று வேலை செய்கிறது என்றால், ஏன் வேலை செய்கிறது என்று தெரியும்வரை விடமாட்டாள். சேர்வரை இயக்கிய பணிசெயல் முறைமை யாரும் திறந்து வாசிக்கக்கூடியது. காலையில் மண்டூர்த் துறையில் ஸ்கூட்டியோடு 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கும்வரை மற்றவர்கள் ஃபோனில் நாடகம் பார்ப்பார்கள். அவள் அந்த முறைமையின் கருவான கேர்னலின் நிரலை வாசிப்பாள். அதிலும் வலையமைப்புப் பகுதியை. உலகத்தின் பாதிக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவது அந்த வரிகளின் வழியாகத்தான் என்பது அவளுக்குத் தீராத ஆச்சரியம்.

அன்று சேர்வரைத் திரும்ப எழுப்ப நாற்பது நிமிடங்கள் ஆயின. செவ்வாய்க்கிழமை பதினொன்று ஐந்துக்கு மறுபடி விழுந்தது. புதன்கிழமை ஒன்பது நாற்பதுக்கு மூன்றாம் தரம். அன்று கல்குடாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த நீரிழிவுக்காரப் பெண் ஒருத்தி, பதிவு முடியக் காத்திருந்தே மயங்கிச் சரிந்தாள். அவளைத் தூக்கி வாங்குப் பலகையில் கிடத்திச் சீனித்தண்ணீர் பருக்கினார்கள்.

ஆய்வுகூடத்தின் உரிமையாளர் நஸீர், காத்தான்குடிக்காரர், உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன புள்ள இது? மூணு நாளா மூணு தரம். கரண்ட் பிழையா?"

"தெரியல்ல சேர். மின்சாரம் ஒழுங்காத்தான் வருது."

"நீங்க ஏதும் மாத்தினயா?"

"ஒண்டுமே மாத்தல்ல."

அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரமே புதிய மின்காப்புப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து பூட்டச் செய்தார்.

வியாழக்கிழமை சேர்வர் விழவில்லை. ஒன்பது நாற்பது போனது, பத்து இருபது போனது, பதினொன்று ஐந்தும் போனது. வரவேற்பில் இருந்த நஸ்ஹா ஒவ்வொரு தடவையும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப்பார்த்துச் சிரித்தாள். பின்னேரம் நஸீர் காத்தான்குடியிலிருந்து ஒரு பெட்டி மஸ்கற் இனிப்புக் கொண்டுவந்தார். "பழைய பெட்டிதான் பிழை. நான் அப்பவே சொன்னனே" என்றார். எல்லோரும் சாப்பிட்டார்கள். மேனுகாவும் இரண்டு துண்டு தின்றாள். வெள்ளிக்கிழமையும் ஒரு குறையுமில்லாமல் கழிந்தது.

சனிக்கிழமை காலை ஆய்வுகூடத்தில் ஆட்கள் குறைவு. கேர்னல் சாகும் கணத்தில், தன் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுச் சாகும்படி மேனுகா எப்போதோ அமைத்து வைத்திருந்தாள். மூன்று நாள் இயந்திரத்தை எழுப்புவதிலும், அடுத்த இரண்டு நாள் தேங்கிய பதிவுகளை ஏற்றுவதிலும் போனதால் அந்தக் கோப்புகளைத் திறக்க நேரம் கிடைத்திருக்கவில்லை. பெட்டிதான் பிழை என்பது அவளுக்கு ஒட்டவில்லை. மின்சாரம் போய் விழுந்த இயந்திரம் கோப்பு எழுதிவிட்டு விழாது.

முதல் கோப்பைத் திறந்தாள். கேர்னல், தான் ஏற்கனவே கைவிட்டுவிட்ட ஒரு நினைவகத் துண்டில் எழுதப்போய்ச் செத்திருந்தது. இரண்டாவது கோப்பு: அதே இடம். மூன்றாவது: அதே இடம், அதே வரி. வலையமைப்பு இணைப்பு ஒன்றை மூடும் பகுதி அது. இயந்திரத்தின் மூளைகளாக உள்ளே இருந்த செயலிகளில் ஒன்று இணைப்பை மூடி அதன் நினைவகத்தை விடுவிக்கிறது. அதே நொடியில் இன்னொரு செயலி, அந்த இணைப்பு இன்னும் இருக்கிறது என்ற நினைப்பில் அதற்குள் எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கண் இமைப்பதில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரணமாக ஓடும் ஒரு இயந்திரத்தில் இப்படி ஒரு மோதல் பத்து வருடத்தில் ஒருதரம் நடந்தாலே அதிசயம். இங்கே மூன்று நாளில் மூன்று தரம்.

அந்த நேரம் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்று பார்த்தாள். அவள் நிறுவாத இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று நொடிக்குப் பல்லாயிரம் தரம் இணைப்புகளைத் திறந்து திறந்து மூடியது. மற்றது அதே இணைப்புகளை விடாமல் தட்டிக்கொண்டேயிருந்தது. இரண்டும் ஓடியது ஆய்வுகூடத்தின் ஏறாவூர்க் கிளையின் பயனர் கணக்கில்.

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

இதை ஏன் ஒருவன் செய்வான் என்பது அவளுக்குத் தெரியும். கைவிட்ட அந்தத் துண்டில், சரியான கணத்தில் தன்னுடைய எழுத்தை நிரப்பிவிட்டால், அதை நம்பி கேர்னல் அவன் சொன்னபடி ஆடும். கேர்னல் ஆடினால் முழு இயந்திரமும் அவனுடையது. கணம் தப்பினால் இயந்திரம் விழும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவனுக்குக் கணம் தப்பியிருக்கிறது.

வியாழக்கிழமை சேர்வர் விழவில்லை.

மஸ்கற் தின்ற நாள் அது. அவனுக்குக் கணம் தப்பாத நாளும் அதுதான்.

ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. மூலையில் கிடந்த பழைய கணினியில் அதே கேர்னலை நிறுவி, வலையிலிருந்து துண்டித்து, எந்த உரிமையும் இல்லாத ஒரு வெறும் பயனராக நுழைந்து, கொட்டிய கோப்பிலிருந்து மீட்டெடுத்த அந்த இரண்டு நிரல்களையும் ஓடவிட்டாள். இயந்திரம் விழுந்தது. எழுப்பினாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம் விழவில்லை. சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. பிறகு திரையின் ஓரத்தில் இருந்த குறி மாறியது. 'நான் யார்' என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். 'றூட்' என்று பதில் வந்தது. இயந்திரத்தின் எசமான் என்று அர்த்தம். ஒரு சத்தமில்லை, ஒரு எச்சரிக்கையில்லை. தான் என்ன பார்க்கிறோம் என்று உறுதியாகத் தெரிந்தும் அதே கட்டளையை இன்னும் நாலு தரம் தட்டினாள்.

பிறகு உண்மையான சேர்வரின் வியாழக்கிழமைப் பதிவுகளைத் தேடினாள். அவன் அவற்றை அழித்திருந்தான். ஆனால் இணையம் உள்ளே வரும் வாசலில் இருந்த வலைப்பெட்டி தனக்கென்று ஒரு குறிப்பு வைத்திருந்தது. அதை அழிக்க அவன் மறந்திருக்க வேண்டும். காலை பத்து பன்னிரண்டிலிருந்து பத்து முப்பதுவரை ஒரு பெரிய கோப்பு வெளியே போயிருந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் பேரின் பரிசோதனை முடிவுகளைக் கட்டினால் எவ்வளவு வருமோ, ஏறத்தாழ அவ்வளவு.

அதற்குள் அவளுடையதும் இருந்தது. கல்யாணமாகி மூன்று வருடம் பிள்ளையில்லை என்று, கணவனுக்கும் சொல்லாமல், ஐந்து மாதங்களுக்கு முன் தானே இரத்தம் கொடுத்துச் செய்வித்த ஹோர்மோன் பரிசோதனை.

நஸீர் பதினொரு மணிக்கு வந்தார். மேனுகா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை.

"விளங்கிற மாதிரிச் சொல்லுங்க புள்ள."

"சேர், நம்ம வாசல்ல நம்பர் துண்டு குடுக்கிறமே. பதினாலாம் நம்பர் ஆள் போயிட்டார் எண்டு நினைச்சி அந்தத் துண்ட வேற ஆளுக்குக் குடுக்கிறம். ஆனா உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு அது தெரியாது. அவர் இன்னும் பழைய பதினாலுட றிப்போட்டத்தான் எழுதிக்கிட்டு இரிக்கார். அப்ப யார்ட கையில போய்ச் சேரும்?"

"புது ஆள்ட கையில."

"அதேதான். ஒருத்தன் வேணுமெண்டே அந்தப் பதினாலாம் துண்ட வாங்கக் காத்துக்கிட்டு நிண்டிரிக்கான். அவன்ட கையில போனது றிப்போட் இல்ல சேர், நம்மட கடைச் சாவி."

நஸீர் திரைக்கு அருகே குனிந்தார்.

"யாருட கணக்குல வந்த?"

"ஏறாவூர்க் கிளைட."

"அது றுமைஸாட கணக்கு!"

அவர் உடனே அவளை வரச்சொல்லி ஃபோன் எடுத்தார். மேனுகா தடுக்கவில்லை.

றுமைஸா நாற்பது வயதுக்காரி, ஏறாவூர்க் கிளையில் பதிவு செய்கிறவள். கணவர் மவுத்தாகி எட்டு வருடம். ஒரு மகள் உயர்தரம் படிக்கிறாள். பஸ்ஸில் வந்து இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தவளுக்கு நஸீர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இங்க உள்ள ஆக்கள்ற றிப்போட்டெல்லாம் களவு போயிரிக்கி. ஒங்கட பேர்ல. யாருக்குக் குடுத்த?"

றுமைஸா அவரைப் பார்த்தாள், பிறகு மேனுகாவைப் பார்த்தாள்.

"என்ன சேர் சொல்றீங்க? நான் பேரையும் வயசையும் அடிக்கிற. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஃபோன்ல வட்ஸ்அப்கூட மகள்தான் போட்டுத் தந்த."

"அப்ப ஒங்கட பேர்ல எப்படி வந்த?"

"அல்லாஹ்ட மேல சத்தியமா எனக்குத் தெரியா." அவள் குரல் உடைந்தது. "மேனுகா தங்கச்சி, நீங்க சொல்லுங்களன்."

மேனுகா ஒன்றும் சொல்லவில்லை. அவள் மனம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை. ஒன்பது நாற்பது. அன்று ஏறாவூரில் ஏதோ ஒன்று. திடீரென்று எழுந்து அலுமாரியைத் திறந்து அந்த வாரத்துப் பதிவுத்தாள்களைக் கிளறினாள். புதன்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டுவரை ஏறாவூரில் மின்வெட்டு. கிளையில் கணினியும் இல்லை, இணைய இணைப்பும் இல்லை. இருபத்திரண்டு பேரின் விவரங்களை றுமைஸா கையால் எழுதி அனுப்பியிருந்தாள். பின்னேரம் அவற்றைக் கணினியில் ஏற்றியது மேனுகாதான்.

"சேர், இதப் பாருங்க. சேர்வர் விழுந்த நேரம் இவ இருட்டுக்குள்ள இருந்து பேனாவால எழுதியிரிக்கா. அங்கயிருந்து ஒருத்தரும் உள்ளுக்கு வந்திருக்க ஏலாது."

நஸீர் தாளை வாங்கிப் பார்த்தார். மேனுகா வலைப்பெட்டியின் குறிப்பை மறுபடி பார்த்தாள். அந்தக் கணக்கில் ஆள் நுழைந்தது நாட்டுக்கு வெளியிலிருந்து.

"றுமைஸாக்கா, ஒங்கட பாஸ்வேர்ட யாரும் கேட்டயா? ஃபோன்ல, மெசேஜ்ல?"

"வேற யாரும் கேக்கல்ல." றுமைஸா தயங்கினாள். "நீங்கதானே கேட்ட."

"நானா?"

றுமைஸா கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து நீட்டினாள். இரண்டு கிழமைக்கு முந்திய ஒரு செய்தி. ஆய்வுகூடத்தின் பெயர், அதன் இலச்சினை, கீழே 'மேனுகா, கணினிப் பிரிவு'. கணக்கு முடங்கப்போகிறது, கடவுச்சொல்லை இங்கே உறுதிசெய்யுங்கள் என்று ஒரு சுட்டி.

"நீங்க அனுப்பின எண்டுதான் நெனச்ச" என்றாள் றுமைஸா.

மேனுகா தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் அப்போது அவளுக்கு உறைத்தது. கொரோனா முடக்கக் காலத்தில், வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று கிளைக் கணக்குகளை எங்கிருந்தும் நுழையவிட்டவள் அவள்தான். பிறகு அதை மூடவில்லை. வெறும் பதிவுக் கணக்கு, உள்ளே வந்தாலும் என்ன செய்துவிட முடியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அது என்ட பிழை சேர்" என்றாள்.

நஸீர் தாளை மேசையில் வைத்தார். றுமைஸாவுக்குக் கதிரையை நகர்த்திக்கொடுத்தார். அவள் உட்காரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று மத்தியானத்துக்குள் மேனுகா சேர்வரை வலையிலிருந்து பிடுங்கினாள். கொழும்பில் கணினி அவசர உதவி செய்கிறவர்களுக்கு அறிவித்தாள். பிறகு நஸீரின் முன் வந்து நின்றாள்.

"ஆக்களுக்குச் சொல்லோணும் சேர்."

"யாருக்கு? பதினோராயிரம் பேருக்கா? புள்ள, நாளைக்கு ஒருத்தனும் இந்த வாசல மிதிக்கமாட்டான். மெசின துப்பரவாக்குங்க, போதும்."

"அவங்கட ரத்தத்துல என்ன இரிக்கி எண்டு எவனோ ஒருத்தனுக்குத் தெரியும். அவங்களுக்கு அது தெரியாது."

"எங்கட வீட்டு ஆக்கள்றயும் அதுக்குள்ளயா?"

"ஓம் சேர். என்டயும்."

அவர் மேசை இலாச்சியைத் திறந்து ஆய்வுகூடத்தின் கடிதத்தாளை எடுத்தார். "எழுதுங்க" என்றார் கடைசியில். "நான் கையெழுத்துப் போடுறன்."

அன்று வீட்டுக்குப் போனதும், அறிவித்தல் ஒட்டப்படுவதற்கு முன் கணவனிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று மேனுகா தன் பரிசோதனையைப் பற்றிச் சொன்னாள். ரதீஸ் பாடசாலை ஆசிரியர், அதிகம் பேசாதவர். கோபப்படுவார் என்று பயந்திருந்தாள். அவர் திகைத்துப்போய் இருந்தார்.

"எவனோ ஒருத்தன் வாசிச்ச புறகுதான் எனக்குச் சொல்லணுமா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் கேர்னலைப் பராமரிக்கிறவர்களுக்கு எழுதினாள். மூன்று கோப்புகளில் கண்டதையும், பழைய கணினியில் செய்து பார்த்ததையும் வரிக்கு வரி விளக்கினாள். வேறு வேறு நாடுகளில் இருக்கும் அவர்களுடைய பெயர்களை மட்டுமே அவள் நிரலில் வாசித்திருக்கிறாள். தன்னைப்போல் ஒருத்தியின் கடிதத்தை வாசிப்பார்களா என்பதே அவளுக்குச் சந்தேகம். மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. நீங்கள் சொல்வது சரி, நாங்களும் செய்து பார்த்தோம், இந்தப் பிழை பதினொரு வருடங்களாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். திருத்தத்தையும் இணைத்திருந்தார்கள். இன்னொரு செயலி எழுதி முடிக்கும்வரை நினைவகத்தை விடுவிக்காமல் காத்திரு என்று சொல்லும் நாலே நாலு வரி. வெளியிடும்வரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். கண்டுபிடித்தவர் என்று எந்தப் பெயரை எழுதுவது என்றும் கேட்டிருந்தார்கள்.

அவள் சந்தோசப்படவில்லை. பிழை இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அந்தப் பக்கத்தைப் போன வருடம் அவளே வாசித்திருக்கிறாள். விளங்காத சொல்லுக்குப் பக்கத்தில் அவள் போட்ட குறிப்புக்கூட இருந்தது. உலகம் முழுக்க எத்தனை ஆயிரம் பேர் வாசித்திருப்பார்கள். ஒவ்வொரு வரியும் தனியே சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. இந்தப் பதினொரு வருடமும் அது யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது, எத்தனை இயந்திரங்கள் விழாமலே கைமாறின என்பதை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள்.

அறிவித்தல் ஒட்டியதும் ஆட்கள் வந்தார்கள். சிலர் சத்தம் போட்டார்கள். ஒருவர் தன் கோப்பை மேசையில் வீசிவிட்டுப் போனார். மயங்கி விழுந்த கல்குடாப் பெண் தன் தமையன் முகைதீன்பாவாவோடு வந்து அமைதியாகக் கேட்டாள்: "என்ட சீனி வருத்தத்த வெச்சி அவன் என்ன தங்கச்சி செய்யப்போறான்?"

"தெரியல்ல அக்கா. ஒண்டும் செய்யாமலும் போகலாம்."

"அதுக்கா இவ்வளவு பாடுபட்டான்?"

அவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த முடிவுகள் எங்கும் வெளிவரவும் இல்லை. ஆய்வுகூடத்துக்கு ஆட்கள் வருவது நாலு மாதங்களாக மிகவும் குறைந்திருந்தது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பினார்கள். நஸீர் மேனுகாவை விலக்கவில்லை. அவள் எழுதிக்கொடுத்த விலகல் கடிதத்தை வாங்கி இலாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு, "இந்தக் கதவெல்லாம் ஆரு பூட்டுற? நீங்கதான் பூட்டணும்" என்றார்.

றுமைஸா மட்டும் வேலைக்கு வரவில்லை. நஸீர் இரண்டு தரம் ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டும் வரவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பின் மூன்றாம் கிழமை மேனுகா ஏறாவூருக்குப் போனாள். றுமைஸா வீட்டு விறாந்தையில் தையல் இயந்திரத்தில் இருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அண்டைக்கு நீங்க அந்தத் தாளத் தேடி எடுக்காட்டி என்ட கதி என்ன, தங்கச்சி? பொலிசுக்குக் குடுத்திருப்பார். என்ட மகள் எப்படி ஸ்கூலுக்குப் போற?"

மேனுகாவால் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை.

"றுமைஸாக்கா, ஒண்டு சொல்லோணும். ஒங்கட கணக்குப் பேரக் கண்ட ஒடன, நீங்கதான் எண்டு நானும் நம்பிட்டன். நீங்க பஸ்ஸுல வந்து இறங்கிற வரைக்கும்."

றுமைஸா தையல் இயந்திரத்தின் சில்லைக் கையால் நிறுத்தினாள்.

"தெரியும்" என்றாள். "சொல்லுங்களன் எண்டு நான் கேக்கக்குள்ள நீங்க வாய் திறக்கல்லயே. சேர் ஏசினது எனக்குப் பெரிசா இல்ல. அதுதான் இன்னும் உள்ளுக்குக் கிடக்கு."

மன்னிக்கச் சொல்லியும் வேலைக்குத் திரும்பி வரச்சொல்லியும் கேட்கத்தான் மேனுகா வந்திருந்தாள்; இப்போது இரண்டையும் கேட்கவில்லை. றுமைஸா எழுந்து உள்ளே போய், ஒரு தட்டில் பிஸ்கற் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"குடிங்க, ஆறுது" என்றாள். "வேலைக்கு வாறதப்பத்தி நான் இன்னும் யோசிக்கல்ல."